வசீலி மித்ரோகின்: காலணிக்குள் வெளியேறிய கே.ஜி.பி. ரகசியங்கள்

ரஷ்ய உளவுத்துறை அதிகாரிகளில் யாருடைய வாழ்க்கை உங்களை அதிகம் பாதித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வசீலி மித்ரோகின்தான். பதிவறையில் பல ஆண்டுகள் கோப்புக் கட்டுகளோடு வாழ்ந்தவன் நான். அவர் செய்த வேலையின் கனம் எனக்குக் கை வலியாகவே புரிகிறது.

1922-இல் பிறந்தவர். 1948-இல் சோவியத் உளவுத்துறையில் சேர்ந்தார். சில வெளிநாட்டுப் பணிகளுக்குப் பிறகு, களப்பணிக்கு லாயக்கில்லை என்று 1956-இன் இறுதியில் ஆவணப் பிரிவுக்குத் தள்ளினார்கள். கே.ஜி.பி. எனப்படும் அந்த உளவுத்துறை தனக்குத்தானே செய்துகொண்ட மிகப் பெரிய கேடு அந்த மாற்றல் உத்தரவு என்பேன்.

அதே ஆண்டு ஸ்டாலினின் குற்றங்களை அவருக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் கட்சி மாநாட்டில் போட்டு உடைத்திருந்தார். 1968-இல் சீர்திருத்தத்தை நசுக்க சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தன. இதற்கிடையே அன்றாடம் கையில் வரும் கோப்புகள் வேறு. மேற்கே தப்பிப்போன பாலே கலைஞர் நூரியேவின் காலை முடமாக்கும் திட்டம்கூட அவற்றில் இருந்தது. ஒரு கலைஞன் இனி ஆடக்கூடாது என்று அரசாங்கம் கோப்பு போடுகிறது! படித்தவர் மனம் கொதிக்காமல் என்ன செய்யும்?

1972-இல் மாஸ்கோ நடுவே கே.ஜி.பி. தலைமையகமான லூபியங்காவிலிருந்த வெளிநாட்டு உளவுப் பிரிவின் ஆவணங்களை மாஸ்கோவின் விளிம்பில் உள்ள யாசெனெவோவுக்கு மாற்றத் தொடங்கினார்கள். சுமார் மூன்று லட்சம் கோப்புகளைச் சரிபார்த்து முத்திரையிடும் பொறுப்பு மித்ரோகினுடையது. பகலில் துண்டுத் தாளில் பொடி எழுத்தில் குறிப்பெடுப்பார். முதலில் அவற்றைக் காலணிக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார். வாசலில் பெரிய சோதனை இல்லை என்று தெரிந்ததும் சட்டைப்பையிலேயே எடுத்து வந்தார். இரவில் மெத்தைக்கு அடியில் இருக்கும். வார இறுதியில் கிராமத்து வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்து, பால் கேனில் போட்டுத் தரைக்கு அடியில் புதைப்பார். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே! ஒரு தாள் சிக்கியிருந்தாலும் உயிர் மிஞ்சியிருக்காது.

1984-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகான எட்டு ஆண்டுகள்தான் என்னை உலுக்குகின்றன. சோவியத் ஒன்றியம் உடையும் என்று அன்று யாருக்குத் தெரியும்? காலடியில் புதைத்ததை யாராவது படிப்பார்களா என்பதே நிச்சயமில்லாமல் காத்திருந்தார்.

ஒன்றியம் உடைந்த பின், 1992-இல், அதிலிருந்து பிரிந்திருந்த லாட்வியாவுக்கு ரயிலேறினார். அங்கிருந்த அமெரிக்கத் தூதரகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் போனார். ரொட்டிக்கும் மாற்றுத் துணிக்கும் அடியில் குறிப்புகள் இருந்தன. அங்கே காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7, ரஷ்யப் புரட்சியின் 75-ஆம் ஆண்டு நாளில், குடும்பத்தோடு பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்.

அவர் தந்த குறிப்புகளால், பிரிட்டனின் அணு ரகசியங்களைப் பல்லாண்டுகள் மாஸ்கோவுக்குக் கொடுத்துவந்த மெலிட்டா நார்வுட் 1999-இல் வெளியே தெரிந்தார். அப்போது அவருக்கு வயது 87.

மூல ஆவணங்கள் இல்லை, கைப்பிரதிகள்தானே என்று ஐயப்படுவோர் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அவரைத் துரோகி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தன் மக்களிடமிருந்து மறைக்கப்பட்டதைத்தான் அவர் எழுதி வைத்தார்.

2004 ஜனவரியில், 81 வயதில் காலமானார். 2014 முதல் அவருடைய தாள்களில் ஒரு பகுதியை கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரியில் யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அவர் தட்டச்சு செய்த ரஷ்ய மொழியிலேயே இருக்கின்றன.