19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க, மெக்சிகோ ராணுவங்கள் எல்லையில் நிஜமாகவே ஒத்துழைத்தனவா?

"இரு நாட்டுப் படைகளும் எல்லை தாண்ட அனுமதித்த 1882 ஒப்பந்தத்தால்தான், எல்லையின் இரு பக்கமும் வாழ்ந்த அப்பாச்சிப் பழங்குடிகளுடனான போர் முடிந்தது என்கிறார்களே, அது சரியா? இல்லை, அந்த ஒத்துழைப்பு காகிதத்தோடு சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடமாக விரும்பிப் படிக்கிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒத்துழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் தளபதிகள் முன்கூட்டியே நேரில் உட்கார்ந்து பேசிக்கொண்ட இடங்களில்தான் அது நிலைத்தது. அந்தப் பேச்சு போய்ச் சேராத மலைக்குள் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டன.

மெக்சிகோவின் பக்கம் இருந்து பார்த்தால்தான் இது புரியும். 1848இல் போரில் தோற்று ஏறக்குறைய பாதி நாட்டை அமெரிக்காவிடம் இழந்தார்கள். அந்தச் சமாதான உடன்படிக்கையின் 11ஆவது பிரிவில், தன் பக்கத்திலிருந்து பழங்குடிகள் மெக்சிகோவுக்குள் வந்து தாக்காமல் தடுப்பதாக அமெரிக்கா வாக்குக் கொடுத்திருந்தது. தடுக்க முடியவில்லை. அடுத்து வந்த காட்ஸ்டன் உடன்படிக்கையில், இன்னும் கொஞ்சம் நிலத்தை விலைக்கு வாங்கியதோடு அந்தப் பொறுப்பிலிருந்தும் கழன்றுகொண்டது. இப்படிப்பட்ட நாடு "கொள்ளையரைத் துரத்தத்தான் வருகிறோம்" என்று படையோடு வந்து நின்றால், எல்லையோர மெக்சிகோ மாநிலமான சொனோராவின் ஆட்கள் எப்படி நம்புவார்கள்?

1877 ஜூன் 1 அன்று அமெரிக்கப் போர்த்துறை, டெக்சஸில் இருந்த ஜெனரல் எட்வர்ட் ஆர்டுக்கு ஓர் உத்தரவு கொடுத்தது. தேவைப்பட்டால் கொள்ளைக் கும்பல்களைத் துரத்திக்கொண்டு ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டலாம், முடிவு அவர் கையில். அப்போதுதான் ஆட்சியைப் பிடித்திருந்த போர்ஃபிரியோ தியாஸின் அரசை அமெரிக்கா இன்னும் அங்கீகரிக்கவே இல்லை. தியாஸ் ஜெனரல் ட்ரெவின்யோவை எல்லைக்கு அனுப்பி, உள்ளே வந்தால் படையாலேயே தடுக்கச் சொன்னார். இன்னொரு போர் வெடித்திருக்க வேண்டிய கட்டம் அது. ஆர்டும் ட்ரெவின்யோவும் சந்தித்துப் பேசிக்கொண்டதும், ட்ரெவின்யோ தன் பக்கத்துக் கும்பல்களைத் தானே ஒடுக்க இறங்கியதும் நிலைமையைத் தணித்தன. 1878இல் அங்கீகாரம் வந்தது, 1880இல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. அதே வருடம் ட்ரெவின்யோ ஆர்டின் மகளைத் திருமணம் செய்துகொண்டார்! தூதர்கள் மாதக்கணக்கில் எழுதிய கடிதங்களுக்குச் சமமான பங்கை இந்த இரண்டு பேரின் பழக்கத்துக்கும் நான் தருவேன்.

அப்புறம் நெருக்கடி மேற்கே, அப்பாச்சி நாட்டுப் பக்கம் நகர்ந்தது. 1880 அக்டோபரில் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவின் குழுவைத் துரத்தி வந்த அமெரிக்கப் படை மெக்சிகோவுக்குள் அனுமதியோடுதான் இருந்தது. இலக்கு நெருங்கியதும் சிவாவா மாநிலப் படைத் தலைவர் ஹோவாக்கின் தெர்ராசாஸ் அவர்களைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். அமெரிக்க ராணுவத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்களோடு வந்த அப்பாச்சி வழிகாட்டிகளை அவர் நம்பவில்லை. சில நாட்களில் ட்ரெஸ் காஸ்டியோஸ் குன்றுகளில் தன் ஆட்களை மட்டும் வைத்துத் தாக்கினார். விக்டோரியோ இறந்தார், 60க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டார்கள். இதை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கேட்ட ஒப்பந்தம் 1882 ஜூலை 29 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஃப்ரீலிங்ஹைசனும் மெக்சிகோ தூதர் மத்தியாஸ் ரொமேரோவும் போட்டது. இரு நாட்டு மத்திய அரசுகளின் நிரந்தரப் படையும் எல்லை தாண்டலாம், ஆனால் துரத்திக்கொண்டு வரும்போது மட்டும்தான். அதுவும் ஆளில்லாத அல்லது பாலைப் பகுதிகளில்தான். ஊர்களிலிருந்தும் முகாம்களிலிருந்தும் இரண்டு லீக் (லீக் என்பது பழைய தூர அளவு, நாலைந்து கிலோமீட்டர்) தூரமாவது விலகியே இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ராணுவ அல்லது சிவில் அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும், தடம் தவறிவிட்டால் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் 1848இன் பயம் தெரிகிறது. அப்பாச்சி வழிகாட்டிகள் 'நிரந்தரப் படை'யில் சேர்த்தியா என்பதில்தான் பின்னால் பெரிய சிக்கல் வந்தது.

1883இல் ஜெனரல் ஜார்ஜ் க்ரூக் இதைப் பயன்படுத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படை கிளம்பும் முன்பே அவர் ரயிலேறி குவாய்மாஸ், எர்மோசியோ, சிவாவா என்று போய் மெக்சிகோ ஜெனரல்களையும் அதிகாரிகளையும் பார்த்தார். தன் அப்பாச்சி வழிகாட்டிகளை எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்று அவர்களிடம் விளக்கினார். மே மாதத் தொடக்கத்தில் அவரோடு எல்லை தாண்டியதில் சிப்பாய்கள் ஐம்பதுக்கும் குறைவு, அப்பாச்சி வழிகாட்டிகள் 200க்குச் சற்றுக் குறைவு. சியரா மாட்ரே மலைக்குள், யாரும் வர முடியாது என்று அப்பாச்சிகள் நம்பியிருந்த இடத்துக்கே போனார். ஜூனில் திரும்பும்போது சரணடைந்த அப்பாச்சிகள் 300க்கும் அதிகமானோர் அவரோடு வந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பயணத்தில் மெக்சிகோ படையோடு ஒரு மோதல்கூட இல்லை.

1886 ஜனவரியில் நடந்தது இதற்கு நேர்மாறு. முந்தைய மே மாதம் அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோ, பழங்குடிகளுக்கான ஒதுக்கிடத்திலிருந்து மறுபடி தப்பியிருந்தார். கேப்டன் எம்மெட் கிராஃபோர்ட் அப்பாச்சி வழிகாட்டிகளோடு சொனோராவின் மலைகளில் அரோஸ் ஆற்றுப் பக்கம் அவர் முகாமைப் பிடித்துவிட்டார். மறுநாள் பேசலாம் என்று செய்தியும் வந்துவிட்டது. அந்த மறுநாள், ஜனவரி 11, விடிகிற நேரத்தில் சிவாவாவிலிருந்து வந்த உள்ளூர் படையினர் சுட ஆரம்பித்தார்கள். கிராஃபோர்ட் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பாறைமேல் ஏறி நின்று, தாங்கள் அமெரிக்கர்கள் என்று காட்டினார். தலையில் குண்டு பாய்ந்தது. ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். திருப்பிச் சுட்டதில் மெக்சிகோ தரப்பில் மவுரிசியோ கொர்ரெதோர் உட்படச் சிலர் இறந்தார்கள். விக்டோரியோவைக் கொன்றவர் என்று பேர் வாங்கியவர் இந்தக் கொர்ரெதோர்தான். ஜெரோனிமோவின் ஆட்கள் குன்றுமேல் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிரிகள் என்று தவறாக நினைத்துவிட்டார்கள் என்றது மெக்சிகோ, வேண்டுமென்றே சுட்டார்கள் என்றார்கள் அமெரிக்க அதிகாரிகள். என் கணிப்பில் ஒப்பந்தமே இதற்கு இடம் வைத்திருந்தது. அது கட்டுப்படுத்தியது மத்திய அரசுகளின் படைகளை. மலைக்குள் இருந்ததோ அப்பாச்சிகளைக் கொன்றால் கிடைக்கும் பரிசுப் பணத்துக்காகவும் வீட்டில் பறிகொடுத்தவர்களுக்காகவும் துப்பாக்கி எடுத்த உள்ளூர் ஆட்கள். அவர்களுக்கு அப்பாச்சி என்றால் அப்பாச்சிதான், எந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தாலும். நல்லவேளை, இரண்டு தலைநகரங்களும் இதைக் கடிதப் பரிமாற்றத்தோடு முடித்துக்கொண்டன.

சரி, போரை முடித்தது ஒப்பந்தமா? அது கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். க்ரூக்குக்குப் பின் வந்த ஜெனரல் மைல்ஸிடம் 5,000 சிப்பாய்கள் இருந்தும் சுமார் 40 பேரைக் கொண்ட குழுவைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1886 ஆகஸ்டில் லெப்டினன்ட் கேட்வுட், கயிட்டா, மார்ட்டீன் என்ற இரண்டு அப்பாச்சிகளைக் கூட்டிக்கொண்டு சொனோராவுக்குள் பேசப் போனார். முதலில் முகாமுக்குள் ஏறிப் போனவர்கள் அந்த இருவரும்தான். செப்டம்பர் 4 அன்று அரிசோனாவின் ஸ்கெலிடன் கேன்யனில் ஜெரோனிமோ சரணடைந்தார்.

இரண்டு அரசுகளின் ஒத்துழைப்பு என்று எழுதுகிறவர்கள் இந்த வழிகாட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கயிட்டாவையும் மார்ட்டீனையும் ஜெரோனிமோவோடு சேர்த்தே ரயிலேற்றிப் புளோரிடாவுக்குப் போர்க்கைதிகளாக அனுப்பினார்கள். வழிகாட்டியாகப் பணி செய்த சாட்டோவுக்கு அதே வருடம் வாஷிங்டனில் பதக்கம் கொடுத்து, ஊர் திரும்பவிடாமல் அவரையும் சிறைப்படுத்தினார்கள். அந்த மக்கள் விடுதலையானது 1913இல்தான்.