பாஸ்பீனும் ஒளிரும் தாமிரமும்: கேள்வி பதில்

கேள்வி: பாஸ்பரஸ் இருட்டில் மின்னும் என்று படித்திருக்கிறோம். பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மம் ஈனியாக (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறாக) சேர்ந்த உலோக அணைவுகள் ஒளிர்வதும் அதனால்தானா?

பதில்: பெயர் செய்கிற குழப்பம் இது. 1669-இல் ஹென்னிக் பிராண்ட் பார்த்த வெண்பாஸ்பரஸ் ஒளி, ஆக்சிஜனோடு நடக்கும் வினையால் வருவது. அணைவில் இருக்கும் பாஸ்பரஸோ தன் தனி எலக்ட்ரான் இணையை உலோகத்துக்குக் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புறஊதாக் கதிரை வாங்கி ஒளியாகத் திருப்பித் தருவது மொத்த மூலக்கூறின் வேலை.

கேள்வி: சார், அப்புறம் ஏன் பருமனான பாஸ்பீனாகவே தேடுகிறார்கள்?

பதில்: விஷயமே அங்கேதான் இருக்கிறது. +1 நிலைத் தாமிரம் நான்முகி வடிவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் அதன் எலக்ட்ரான் ஒன்று பக்கத்திலிருக்கும் பினாந்த்ரோலின் ஈனிக்குத் தாவுகிறது. இப்போது தாமிரம் கிட்டத்தட்ட +2 ஆகிவிட்டது. அதற்குத் தட்டை வடிவம்தான் பிடிக்கும். மூலக்கூறு சப்பையாகும்போது ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. திறந்த இடைவெளியில் கரைப்பான் மூலக்கூறும் வந்து ஒட்டிக்கொள்ளும். சாண்ட்பாஸ் போன்ற அகலமான இரட்டைப் பாஸ்பீன் (இரண்டு பாஸ்பரஸால் உலோகத்தைப் பிடிக்கும் ஈனி) சுவர்போல நின்று சப்பையாக விடாது. டைமெத்தில் பினாந்த்ரோலின் இரண்டு கொண்ட தாமிர அணைவு, கரைசலில் சுமார் 100 நானோநொடிதான் கிளர்வு நிலையில், அதாவது ஒளியை வாங்கி ஆற்றல் ஏறிய நிலையில், தாங்கும். ஒன்றை எடுத்துவிட்டு இப்படியொரு இரட்டைப் பாஸ்பீனை வைத்தால் 10 மைக்ரோநொடியைத் தாண்டுகிறது. நூறு மடங்கு!

கேள்வி: ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலம்) திரைக்கு இதனால் என்ன லாபம்?

பதில்: மின்சாரம் உண்டாக்கும் கிளர்வு நிலைகளில் 25 சதவீதம் ஒற்றை நிலை (இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சி எதிரெதிர்), 75 சதவீதம் மும்மை நிலை (சுழற்சி ஒரே திசை). சாதாரணக் கரிமச் சாயத்தில் அந்த 75-உம் வீண். தாமிர அணைவு பலவற்றில் இரண்டு நிலைகளுக்கும் ஆற்றல் இடைவெளி மிகக் குறைவு. அறை வெப்பமே மும்மையிலிருந்து ஒற்றைக்கு ஏற்றிவிடும், அங்கிருந்து ஒளியாக வெளிவரும். இரிடியம் வேறு வழியில் இதைச் சாதிக்கிறது, ஆனால் அது அரிய உலோகம்.

கேள்வி: என் சேர்மம் பொடியாக இருக்கும்போது பளிச்சென்று ஒளிர்கிறது, கரைத்தால் மங்கிவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: முதலில் ஆக்சிஜனைச் சந்தேகப்படுங்கள், அது மும்மை நிலையை அணைத்துவிடும். ஆர்கான் செலுத்திவிட்டுப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலில் கரைத்தீர்களா? அது தாமிரத்தோடு தானே ஒட்டும், டைகுளோரோமீத்தேனுக்கு மாறுங்கள். அப்படியும் சரிவரவில்லையென்றால் பாஸ்பரஸ் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து பாஸ்பரஸ் அணுவின் சூழலைக் காட்டும் நிறமாலை, அளவுகோல் பிபிஎம்) எடுங்கள். டிரைபினைல்பாஸ்பீன் தனியே −5 பிபிஎம் அருகே வரும். 25 முதல் 30-க்குள் ஒரு கூர்முனை தெரிந்தால், பாஸ்பீன் ஆக்சைடாகிவிட்டது என்று அர்த்தம். நானும் ஒரு வாரம் கருவியைத் திட்டிவிட்டு, கடைசியில் இதைத்தான் கண்டுபிடித்தேன்.

கேள்வி: தங்கத்திலும் இது உண்டா?

பதில்: உண்டு, கதை வேறு. பாஸ்பீன் பிடித்த இரண்டு தங்க அணுக்கள் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) நெருக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று ஈர்க்கும். சிலவற்றை உரலில் லேசாக அரைத்தாலே அந்த நெருக்கம் மாறி, ஒளியின் நிறமும் மாறிவிடும்.