கிளட்சை ஏன் இரண்டு தடவை மிதிக்க வேண்டும்?
பழைய லாரி ஓட்டுவது பற்றி வாசகர் கேள்விகள்

கே: அறுபதுகளில் லேலண்ட் காமெட் ஓட்டிய என் அப்பா, "ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும்" என்பார். அதே ரக வண்டியை முதன்முறையாக ஓட்டப் போகிறேன். கார் ஓட்டிப் பத்து வருடப் பழக்கம் உண்டு. டபுள் கிளட்ச் எதற்கு, எப்படிப் போடுவது?
— வாசகர், நாமக்கல்

காரின் கியர்பாக்ஸில் சின்க்ரோமெஷ் வளையம் இருக்கிறது. கியர் போடும்போது அது உரசி, இரு பக்கச் சுழற்சியையும் சமமாக்கிய பிறகுதான் பற்களைச் சேர விடும். அந்தக் காலத்துக் கனரக லாரிகள் பலவற்றில் இந்த வளையம் கிடையாது. அதன் வேலையை டிரைவரின் கால்தான் செய்ய வேண்டும்.

கியர்பாக்ஸுக்குள் மெயின் ஷாஃப்ட் பின்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. லே ஷாஃப்ட் கிளட்ச் வழியாக என்ஜினோடு சுற்றுகிறது. கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தால் லே ஷாஃப்ட் தன் போக்கில் சுற்றும். அதன் வேகத்தை உங்களால் கூட்ட முடியாது. நியூட்ரலில் கிளட்சை விட்டால் அது மறுபடி என்ஜினோடு சேர்கிறது, வேகம் உங்கள் காலுக்குக் கட்டுப்படுகிறது. ஆக, நடுவில் கிளட்சை விடுவதுதான் விஷயம்.

மேல் கியருக்குப் போக: ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விடுங்கள். என்ஜின் சத்தம் இறங்குவதைக் கேளுங்கள். இறங்கியதும் மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுங்கள். அவசரப்பட்டால் பல் கடிக்கும், அதிகம் காத்திருந்தாலும் கடிக்கும்.

கீழ் கியருக்கு வர: கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விடு. இப்போது ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி என்ஜினை ஏற்றுங்கள். ஏறிய வேகத்திலேயே கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளுங்கள். எவ்வளவு ஏற்றுவது? நான்காவது கியரைவிட மூன்றாவது 1.6 மடங்கு தாழ்ந்த விகிதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் 1,200 சுற்றில் ஓடும் வண்டி, அதே வேகத்தில் மூன்றுக்கு வர 1,920 சுற்று கேட்கும். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் கணக்கு. அதனால் ரேடியோவோ பேச்சுத் துணையோ முதல் சில நாட்களுக்கு வேண்டாம்.

கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இப்படிக் கீழ் கியருக்கு வரும்போதுதான். வண்டி இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ் கியரைத் தேடுவதால், என்ஜினை எவ்வளவு ஏற்றினாலும் போதாமல் போகிறது. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிறகு கியரைக் குறையுங்கள். கியர் மறுத்தால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பல்லின் முனை தேய்ந்துவிடும். நியூட்ரலுக்குத் திரும்பி, கிளட்சை விட்டு, மறுபடி ஏற்றிப் போடுங்கள். மேட்டில் கியர் தவறினால் தேடிக்கொண்டே பின்னால் உருளாதீர்கள். பிரேக் போட்டு நிறுத்தி, முதல் கியரில் புதிதாகக் கிளம்புங்கள்.

இன்னொன்று. முதல் கியரையும் ரிவர்ஸையும் வண்டி முழுதாக நின்ற பிறகே போடுங்கள். கிளட்சை மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்தால் லே ஷாஃப்ட் நின்றுவிடும், கியர் சத்தமின்றி விழும். பாடி காலியாக, சமதரையில் இருந்தால் இரண்டாவது கியரிலேயே கிளம்பலாம். முதல் கியர் லோடுக்கும் மேட்டுக்கும் உரியது.

கே: ஏழெட்டு வருடமாக ஷெட்டில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— வாசகர், சங்ககிரி

எல்லோரும் பேட்டரியில் தொடங்குகிறார்கள். டீசல் பம்பில் தொடங்குங்கள். நீண்ட நாள் நின்ற பம்புக்குள், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் பிசின் பிடித்து இறுகியிருக்கலாம். அது முழு டீசல் நிலையில் மாட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன மறுகணமே என்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிற்காது. ஒருவர் கேபினில் குமிழை இழுக்க, இன்னொருவர் பம்பின் பக்கத்தில் நின்று லீவர் முழுதாகப் போய், தானே திரும்புகிறதா என்று பார்க்கட்டும். லீவர் அசைந்தாலும் உள்ளே ரேக் இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் பம்ப் மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்று போகும் வாயை அடைக்கத் தகுந்த தடித்த பலகையோடு ஒருவரை நிறுத்துங்கள். காற்று நின்றால் டீசல் என்ஜின் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கவே கூடாது.

அடுத்து, செல்ஃப் அடிப்பதற்கு முன் கிராங்க் ஷாஃப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் எல்லா பிஸ்டனும் எல்லா வால்வும் ஒரு வட்டம் முடிக்க இரண்டு சுற்று வேண்டும். எங்காவது முட்டினால் நிறுத்திவிடுங்கள்.

டேங்கின் அடியில் தண்ணீரும் துருவும் படிந்திருக்கும். முழுதாக வடித்து, புது டீசல் ஊற்றி, ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கைப்பிடியைக் குத்திக்கொண்டே முதலில் ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்கிவிட்டு, டீசல் பம்பின் ஸ்க்ரூவுக்குப் போங்கள். இன்னும் பிடிக்கவில்லை என்றால், இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திச் செல்ஃப் அடித்துப் பிறகு இறுக்கலாம். அப்போது முகத்தையும் கையையும் அருகே கொண்டுபோகாதீர்கள். அந்த டீசல் தோலைத் துளைக்கும் அழுத்தத்தில் வரும். செல்ஃபை ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் பிடிக்காமல், நடுவில் ஆற விடுங்கள். என்ஜின் பிடித்து 15 விநாடிக்குள் ஆயில் பிரஷர் முள் எழவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

துருவால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிப்போவதும் சகஜம். இதை என்ஜின் ஓடாதபோதே சோதிக்கலாம். நியூட்ரலில் வண்டியைச் சில அடி தள்ளிப் பாருங்கள். பிறகு டாப் கியரைப் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்துத் தள்ளுங்கள். நியூட்ரலில் உருண்டது போலவே உருண்டால் கிளட்ச் பிரிகிறது. உருளவில்லை என்றால் ஒட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்து கியர் போட முயன்றால் வண்டி சுவருக்குள் போகும்.

கே: பவர் ஸ்டியரிங் இல்லாத லாரியைத் திருப்பவே முடியாது என்கிறார்களே?
— வாசகர், காரைக்குடி

திருப்பலாம், ஆனால் நிற்கும்போது திருப்பக் கூடாது. வண்டி நடை வேகத்தில் உருளும்போது பாரம் பெருமளவு குறைந்துவிடும். நின்ற இடத்தில் முறுக்கினால் ஸ்டியரிங் பாக்ஸ், ராட் எண்ட் எல்லாம் சேர்ந்து பாழாகும். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கோக்காதீர்கள். சக்கரம் பள்ளத்தில் விழும்போது வளையம் சட்டென்று சுழன்று விரலை ஒடித்துவிடும். பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தைவிட உள்ளே வெட்டிவரும் என்பதால், மூலையைத் தாண்டிக் கொஞ்சம் நேரே போய்ப் பிறகு திருப்புங்கள், உள்பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

கே: டீசல் மிச்சம் பிடிக்கத் தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கலாமா?
— வாசகர், தர்மபுரி

கூடாது. அந்த இறக்கத்தில் நடக்கும் லாரி விபத்துகளுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். நியூட்ரல் போட்டதும் என்ஜினின் பிடி போய்விடுகிறது, முழு எடையும் பிரேக் டிரம்மின் தலையில் விழுகிறது. டிரம் சூடேறி விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். லைனிங்கும் பிடியை இழக்கும். ஏர் பிரேக் வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் ஓடும். பெடலை மிதித்து மிதித்து விட்டால் நிரம்புவதைவிடச் செலவாகும் காற்று அதிகம். வேகம் ஏறிய பிறகு கீழ் கியர் போடலாம் என்றால், மேலே சொன்ன டபுள் கிளட்ச் கணக்குப்படி என்ஜினால் அந்தச் சுற்றை எட்டவே முடியாது, கியர் விழாது.

எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிடுங்கள். கியரில் இருந்தும் வேகம் ஏறினால் பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டே வராமல், ஒரு தடவை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறும். சுற்று அளவுமீறாமல் பாருங்கள். சக்கரம் என்ஜினை இழுக்கும்போது, டீசலைக் குறைத்துச் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அதைத் தடுக்க முடியாது, வால்வு பிஸ்டனில் இடித்து, வால்வைத் திறக்கும் புஷ் ராட் வளையும்.

கே: கார் லைசென்ஸ் போதுமா?
— வாசகர், ஈரோடு

போதாது. லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்குக் குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆன பிறகே அதற்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். அதுவரை வண்டியைப் பொதுச்சாலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

கே: பழைய வண்டியின் டயரை வீட்டிலேயே கழற்றலாமா?
— வாசகர், திருச்செங்கோடு

டயரை டிஸ்கில் பிடித்து வைக்கும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் உள்ள வகை என்றால் வேண்டாம். வால்வின் உள் ஊசியையே கழற்றி, காற்று முழுதாக இறங்கிய பிறகுதான் வீல் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். ரிங் துருப்பிடித்திருந்தாலோ வளைந்திருந்தாலோ தூக்கி எறியுங்கள், தட்டி நிமிர்த்தி மாட்டாதீர்கள். காற்று ஏற்றும்போது இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடைக்கே போங்கள். நீளமான ஏர் குழாயோடு, ரிங் பறந்தால் படாத பக்கமாக நின்று ஏற்றச் சொல்லுங்கள்.