வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன வாரம் திண்டுக்கல் பக்கமிருந்து அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பையன் என மூன்று பேர் என்ன படிக்கலாம் என்று கேட்க என்னிடம் வந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால்தான் மதிப்பு என்று தாய்மாமா அடித்துச் சொல்லிவிட்டாராம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் பேச்சு வரை போயிருக்கிறது.

"கவலைப்படாதீங்கம்மா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் பையன் தன் பழைய போனை ஆன் செய்து நீட்டினான். பூட்லோடர், அதாவது போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்தை ஏற்றும் புரோகிராம், பூட்டில்லாமல் திறந்து கிடக்கிறது என்று திரையில் எச்சரிக்கை. "நான்தான் சார் அன்லாக் பண்ணேன். ஏன் இப்படி வருதுன்னு ஒரு மாசமா படிச்சிட்டிருக்கேன்."

அதன்பின் ஆறுதல் பேச மனம் வரவில்லை. பையன் துருவிக்கொண்டிருக்கும் விஷயமே ஒரு தொழில்: போன் ஆன் ஆகும் நொடியிலேயே அதைப் பாதுகாப்பது.

போன் உயிர்பெற்றதும் முதலில் ஓடுவது சிப்புக்குள் பதித்த, மாற்றவே முடியாத சிறு புரோகிராம். அது பூட்லோடரின் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது தயாரித்தவர் போட்ட மின்னணு முத்திரையை, சரிபார்க்கும். பூட்லோடர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைச் சரிபார்க்கும். நடுவில் யாராவது கைவைத்திருந்தால் கையொப்பம் பொருந்தாது. கணினியில் இதற்குப் பெயர் செக்யூர் பூட். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது பரவலானது. அந்த முதல் புரோகிராமிலேயே பிழை இருந்தால்? 2019-ல் வெளியான செக்எம்8 என்ற பாதுகாப்பு ஓட்டை ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை இருந்தது. எந்த அப்டேட்டாலும் அதை அடைக்க முடியவில்லை. சிப் தயாராகும் முன்பே துருவிப் பார்க்க ஆள் வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த வேலைக்கு ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிப்பே போதும். கூடவே சி புரோகிராமிங் மொழியும், தகவலைப் பூட்டிக் காக்கும் கிரிப்டோகிராஃபியும் ஊறவேண்டும்; ஐஐடிக்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். பீகிள்போன் என்ற சிறு கணினி போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். யு-பூட் என்ற இலவச பூட்லோடரில் கையொப்பமிட்ட கெர்னலை ஏற்றட்டும். பிறகு அதில் ஒரே ஒரு பைட்டை மாற்றிவிட்டு, போர்டு பூட் ஆக மறுப்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கவுன்சிலிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் அந்தச் சலுகை கிடையாது. மாமாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரை என்னிடம் அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன்.