எந்தக் கிறீம் என்பதற்கு முன்னால், எந்த இடம்?

கேள்வி: எனக்கு 28 வயது. தென்மராட்சியில் இருக்கிறேன். கலியாணம் முடித்து மூன்று வருடம். ஒரு வருடமாகப் பெண்ணுறுப்பு வாசலில் தாங்கேலாத எரிவு. கணவரோடு சேர முடியவில்லை, சைக்கிள் ஓடினாலும் நோகிறது. பங்கசு என்று மூன்று தடவை மருந்து தந்தார்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பிறகு பாமசியில் ஒரு ஸ்டீரொய்ட் கிறீம் வாங்கிப் பூசினேன். கனடாவில் இருக்கும் மச்சாள் ஹோர்மோன் கிறீம் பூசச் சொல்கிறா. பூசலாமா? புற்றுநோய் வருமா? படிப்பு முடியும்வரை பிள்ளை வேண்டாமென்று குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுத்து வருகிறேன்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

குளிசை பற்றிய அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று: இந்த நோவு உண்மையானது. பங்கசு, புண், தோல் நோய் என்று எதுவும் அகப்படாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த நோவுக்கு மருத்துவத்தில் வல்வோடினியா என்று பெயர். "மனதை வேறு பக்கம் திருப்பு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

யோனியின் வாசலைச் சுற்றி, சின்ன உதடுகளுக்கு உட்புறமாக ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது. வெளித்தோலும் இல்லை, உள்யோனியும் இல்லை. கருவில் அது சிறுநீர்ப்பையோடு ஒரே இடத்திலிருந்து உருவாவது. அங்குள்ள கலங்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளும் (ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள்) இருக்கின்றன, டெஸ்டஸ்டிரோன் ஏற்பிகளும் இருக்கின்றன. இந்த இரண்டு ஹோர்மோனும் போதியளவு வந்து சேர்ந்தால்தான் அந்தத் தோல் தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். குறைந்தால் மெலிந்து, சிவந்து, தொட்டாலே எரியும். பால் கொடுக்கும் தாய்மாருக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இதே எரிவு வருவது இதனால்தான்.

இனிக் குளிசைக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த குளிசை சூலகத்தின் வேலையைக் குறைக்கிறது. அதோடு, ஹோர்மோனைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை ஈரலில் கூட்டிவிடுகிறது. இரண்டும் சேர, தோலுக்குக் கிடைக்கும் டெஸ்டஸ்டிரோன் குறைந்து போகிறது. குளிசை எடுக்கும் எல்லாருக்கும் எரிவதில்லை. அநேகருக்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஏற்பியின் மரபணு அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. எரிவு தொடங்கியது குளிசைக்கு முன்னா, பின்னா? நாட்காட்டியை எடுத்துப் பார்த்து எழுதி வையுங்கள்.

அடுத்தது, நோ எங்கே என்பது. வைத்தியர் நனைத்த பஞ்சுக் குச்சியால் அந்த வளையத்தை மணிக்கூட்டு முகம்போலச் சுற்றி மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே சிறுநீர்த் துவாரப் பக்கமும் சேர்த்துச் சுற்றிவர நோகுமென்றால் ஹோர்மோனைச் சந்தேகிக்கலாம். கீழே, நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டும் நோகுமென்றால் பெரும்பாலும் யோனியையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போனதுதான். அதற்கு எந்தக் கிறீமும் தனியாக உதவாது. ஒரு நிமிடமும் எடுக்காத இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் மூன்று தடவை பங்கசு மருந்து தந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஸ்டீரொய்ட் கிறீமை உடனே நிறுத்துங்கள். லைக்கன் போன்ற தோல் நோய் என்று கண்டுபிடித்தால் அது நல்ல மருந்து. இல்லாவிட்டால் மெலிந்த தோலை இன்னும் மெலியவைக்கும். டெட்டோல், வாசனைச் சவர்க்காரம், வேப்பிலை அவித்த தண்ணீர் எல்லாவற்றையும் விடுங்கள். வெறும் தண்ணீர் போதும்.

மச்சாள் சொல்வது குறைந்த அளவு எஸ்ட்ரடையோலும் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) டெஸ்டஸ்டிரோனும் சேர்த்து, மருந்தாளர் கலந்து தரும் கிறீமாக இருக்க வேண்டும். பயனடைந்த பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வுகள் சிறியவை. பூசினால் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை பிடிக்கும். இந்த அளவில் இரத்தத்தில் சேர்வது சொற்பம்; புற்றுநோய்ப் பயத்தால் நடுங்கத் தேவையில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் முதலில் புற்றுநோய் வைத்தியரைக் கேட்க வேண்டும். ஆண்களுக்கான டெஸ்டஸ்டிரோன் ஜெல்லை யாராவது அனுப்பினால் தொடாதீர்கள்: அது பத்து மடங்கு செறிவு, அதில் மதுசாரமும் இருக்கும். பிள்ளைக்கு முயற்சிக்கத் தொடங்கினால் டெஸ்டஸ்டிரோன் எந்த வடிவிலும் வேண்டாம், பெண்சிசுவைப் பாதிக்கும்.

மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் களிம்பைத் தருவார்கள். அந்த நேரத்துக்கு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கனடாவில் 212 பெண்களிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், பத்துக் கிழமை இடுப்புத்தளப் பிசியோதெரபி அந்தக் களிம்பைவிடத் தெளிவாகக் கூடுதல் பலன் தந்தது. களிம்பானாலும் கிறீமானாலும், எண்ணெய் சேர்ந்ததென்றால் ஆணுறை கிழியக்கூடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

குளிசையைச் சட்டென்று நிறுத்திவிட்டுக் கர்ப்பமாகிப் பயப்பட வேண்டாம். உங்கள் குடும்பநல மாதுவோடு கதைத்து, ஹோர்மோன் இல்லாத செப்பு லூப்போ ஆணுறையோ ஏற்பாடு செய்துகொண்டு நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் அந்தப் புரதம் இறங்கச் சில மாதம் எடுக்கலாம், அதனால் ஒரு மாதத்தில் மனம் தளராதீர்கள். பிறகு யாழ் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: "வாசலில் எரிவு, ஒரு வருடம், பங்கசு இல்லை, குளிசை எடுக்கிறேன், பஞ்சுக் குச்சியால் சோதித்துப் பாருங்கள்."

கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை சேர்க்கையை நிறுத்தி வையுங்கள். நோவோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தசை இன்னும் இறுகும். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், இரத்தக் கசிவு ஏதும் கண்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் போங்கள்.