நாஸ்கார் சாம்பியன்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

ஆலன் குல்விக்கி. அமெரிக்கக் கார் பந்தயமான நாஸ்காரின் உச்சப் பட்டம் அப்போது வின்ஸ்டன் கோப்பை; 1992-இல் அதை வென்ற சாம்பியன்.

ரிச்சர்ட் பெட்டியும் டேல் அர்ன்ஹார்ட்டும் ஆளுக்கு ஏழு முறை பட்டம் வென்றவர்கள். குல்விக்கிக்குக் கிடைத்தது ஒன்றுதான். மொத்தமாக ஜெயித்ததே ஐந்து ரேஸ். ஆனாலும் அந்த ஒரு பட்டத்தை அவர் வாங்கிய விதம் இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை என்பேன்.

விஸ்கான்சின்காரர், மெக்கானிக்கல் எஞ்சினியர். 1985-இல் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, பந்தய அணிகள் குவிந்திருக்கும் வட கரோலினாவுக்குக் கிளம்பினார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய டிரக் தீப்பிடித்து எரிந்துபோனது. அப்படியும் போனார். சொந்தமாக ஒரு சின்ன அணி. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. பெரிய அணி நடத்திய ஜூனியர் ஜான்சன் கூப்பிட்டபோதுகூட மறுத்துவிட்டார். ஓட்டுகிற கார் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

அப்போது ஆண்டு முழுக்க ரேஸ்களில் சேர்த்த புள்ளிகளின் மொத்தம்தான் பட்டத்தைத் தீர்மானித்தது. 1992 செப்டம்பரில், ஆறு ரேஸ் மீதி இருக்கையில், பில் எலியட் என்ற டிரைவரைவிட 278 புள்ளி பின்தங்கியிருந்தார். எல்லோரும் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மெல்ல மெல்ல மேலே வந்து, நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த கடைசி ரேஸுக்குள் நுழைந்தபோது இன்னொரு டிரைவர் டேவி ஆலிசன் முதலிடம், 30 புள்ளி பின்னால் குல்விக்கி, இன்னும் 10 புள்ளி பின்னால் எலியட். காரின் முன்பக்கம் இருந்த 'தண்டர்பேர்ட்' என்ற மாடல் பெயரில் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு 'அண்டர்பேர்ட்' என்று ஆக்கி ஓட்டினார். வெல்ல வாய்ப்பில்லாத நோஞ்சானை ஆங்கிலத்தில் 'அண்டர்டாக்' என்பார்கள்; ஊர் சொன்ன அந்தப் பேரை அவரே நெற்றியில் எழுதிக்கொண்டார்.

ரேஸ் நடுவே முதல் கியர் உடைந்தது. பெட்ரோல் ஊற்றவும் டயர் மாற்றவும் நிற்கும் இடமான பிட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் ஆட்கள் காரைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. ஆலிசன் விபத்தில் சிக்கிப் பின்தங்கியதும் போட்டி எலியட்டோடு மட்டும் என்றானது. இங்கேதான் விஷயம்: அதிக லேப் (பாதையின் ஒரு முழுச் சுற்று) முன்னிலையில் ஓடியவருக்கு 5 புள்ளி கூடுதல். அணித் தலைவர் பால் ஆண்ட்ரூஸ் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். மொத்தம் 328 லேப். 310-ஆவது லேப் வரை முன்னால் ஓடிவிட்டு, அப்புறம் பிட்டுக்குள் வந்தார் குல்விக்கி. கொஞ்சம்போலப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, அது தீர்ந்துவிடாமல் சிக்கனமாக ஓட்டி இரண்டாவதாக வந்தார். ரேஸை ஜெயித்தவர் எலியட்.

ஆனால் முன்னிலை லேப்: குல்விக்கி 103, எலியட் 102. பட்டம் 10 புள்ளியில் குல்விக்கிக்கு. அந்த ஒரே லேப் மாறியிருந்தால் 5 புள்ளி இங்கே குறைந்து அங்கே ஏறி, இருவரும் சமம். சமமானால் அந்த ஆண்டு அதிக ரேஸ் ஜெயித்தவருக்குத்தான் பட்டம். எலியட் ஐந்து, குல்விக்கி இரண்டு. முந்திப் போவதற்கு நிகராகக் கூட்டல் கழித்தலும் சாம்பியனை உருவாக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ரேஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1993 ஏப்ரல் 1 அன்று, பிரிஸ்டல் ரேஸுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தார். வயது 38. அந்த ரேஸை ஜெயித்த டிரைவர் ரஸ்டி வாலஸ், ஜெயித்ததும் குல்விக்கி செய்கிற பாணியில் காரை எதிர்த்திசையில் திருப்பி மைதானத்தைச் சுற்றி வந்தார்.

அவருக்குப் பிறகு சொந்த அணியில் ஓட்டிப் பட்டம் வென்றவரைப் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் டோனி ஸ்டூவர்ட், அதுவும் ஒரு பெரிய அணியின் பங்குதாரராக. தனி ஆளாக நின்று பட்டம் வாங்கிய கடைசி ஆள் என்று நான் குல்விக்கியைத்தான் சொல்வேன்.