ஏ முதல் இசட் வரை: ஆரம்ப இங்கிலீஷுக்குச் சில கேள்விகள்

எளிய இங்கிலீஷ் சொற்களை எழுத்துவாரியாகக் கற்பவர்களிடம் சந்தேகம் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

என்ற பேரன் ஏ-னா ஆப்பிள், பி-னா பால்னு இசட் வரைக்கும் கடகடன்னு சொல்றானுங்க. புதுசா ஒரு சொல்லைக் காட்டுனா முழிக்கறான். நெம்ப வெசனமா இருக்குதுங்க. (கோபிசெட்டிபாளையம்)

வெசனப்படாதீங்க அம்மா. பேரனுக்கு எழுத்தின் பெயர் தெரிகிறது, ஓசை தெரியவில்லை, அவ்வளவுதான். 'எஸ்' என்பது பெயர். சொல்லுக்குள் அது 'ஸ்ஸ்' என்றுதான் ஒலிக்கும். இசட் வரை ஓடாமல் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்துகளின் ஓசையை மட்டும் முதலில் பழக்குங்கள். டி என்றது டீக்கு வரும் டி. பி என்றது பென்னுக்கு வரும் பி. இந்த ஆறிலேயே சிட், பின், டின், டிப், பேன், ஆன்ட் என்று நிறையச் சொற்கள் கிடைக்கும். தானாக எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைப் படித்துவிட்டால் அடுத்ததை அவனே கேட்பான்.

பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறனுங்க. ஆப்பிளும் யானையும் எனக்கு எதுக்குங்க? வேலைல வர்ற சொல்லையே எழுத்துவாரியாத் தர முடியுங்களா? (திருப்பூர்)

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் தம்பி. தினமும் கையில் படும் பொருளின் பெயர்தான் முதலில் மனதில் ஒட்டும்.

சி-யில் தொடங்குங்கள். கோன், காட்டன், காலர், கஃப், கட்டிங் எல்லாமே சி. அதை அடுத்து ஏ, ஓ, யூ வந்தால் 'க' ஓசை. ஈ, ஐ, ஒய் வந்தால் 'ச' ஓசை: சிமென்ட், சிலிண்டர், சைக்கிள். சி-யோடு ஹெச் சேர்ந்தால் உங்கள் செக்கிங். கெமிக்கலிலும் சி-ஹெச்தான், ஆனால் அங்கே 'க' என்று ஒலிக்கும். அதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

டி-யில் (டாக்டருக்கு வரும் டி) டையிங். சாயம் போடும் டையிங்குக்கு டி-ஒய்-ஈ-ஐ-என்-ஜி. நடுவில் இருக்கும் ஈ-யை விட்டுவிட்டால் 'சாகிறது' என்று பொருளாகிவிடும். போர்டு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எல்-லில் லேபிள். டேபிள் எல்-ஈ என்று முடியும். லேபிள் ஈ-எல் என்று முடியும். ஒய்-யில் யார்ன், எஃப்-பில் ஃபேப்ரிக்.

கே-யில் நிட்டிங். உங்கள் ஊரே அதை நம்பித்தான் இருக்கிறது, ஆனால் டிக்சனரியில் அதை என்-னில் தேடினால் கிடைக்காது. நாட் (முடிச்சு), நைஃப், நீ (முழங்கால்) இவற்றுக்கும் கே-தான் முதல் எழுத்து. பழைய இங்கிலீஷில் அந்தக் கே-யை உச்சரித்தார்கள். பிறகு ஓசை உதிர்ந்தது, எழுத்து நின்றுவிட்டது. ஜெர்மன்காரர்கள் முழங்காலுக்கான தங்கள் சொல்லில் இன்றும் அந்தக் கே-யை உச்சரிக்கிறார்கள்.

பென்னுக்கு வர்ற பி-யும் பாலுக்கு வர்ற பி-யும் பாப்பாவுக்கு ஒண்ணாவே கேக்குதுங்க. (பொள்ளாச்சி)

தமிழில் இரண்டையும் ஒரே 'ப'வால் எழுதுகிறோம், அதனால் வரும் குழப்பம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'பென்' என்று சரியாகச் சொன்னால் காற்றுப்பட்டுக் காகிதம் அசையும். 'பால்' என்றால் அனேகமாக அசையாது. பிறகு ஜோடி ஜோடியாகப் பழக்குங்கள்: கடையில் கொடுக்கும் பில், விழுங்குகிற மாத்திரையான பில்; விளையாடும் பார்க், நாய் குரைக்கும் பார்க். டி-யிலும் இதே சிக்கல் உண்டு: டென் என்றால் பத்து, இன்னொரு டென் என்றால் சிங்கத்தின் குகை. கே, ஜி ஜோடிக்கும் இதே காகிதம் போதும்.

'இஸ்கூல்'னு சொன்னா பசங்க சிரிக்கறாங்க. எப்படி மாத்திக்கறதுங்க? (ஈரோடு)

சிரிக்கிறவர்களை விடு கண்ணு. தமிழில் சொல் இப்படி இரண்டு மெய்யோடு தொடங்காது, அதனால் நாக்கு ஒரு 'இ'யைத் துணைக்குக் கூப்பிடுகிறது. 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக இழுத்து, நிறுத்தாமல் 'கூல்' சேர். நாளடைவில் இழுப்பைக் குறைத்துக்கொள். ஸ்டார், ஸ்பூன், ஸ்டூல் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். இங்கிலீஷ் டிக்சனரியில் அதிகப் பக்கம் எஸ்-ஸுக்குத்தான். டி, பி, கே, எல், எம், என் என்று பல எழுத்துகளோடு அது சேர்வதும் ஒரு காரணம். இதில் செலவிடும் நேரம் வீண் போகாது.

எக்ஸ்-ல எக்ஸ்ரேவை விட்டா வேற என்னங்க இருக்குது? (கரூர்)

தொடக்கத்தில் தேடாதீங்க. முடிவில் பாருங்கள்: பாக்ஸ், சிக்ஸ், டேக்ஸ், மிக்ஸ்.

லேத் பட்டறைல வேலைங்க. பேச ஆரம்பிக்க எத்தனை சொல் வேணும்? (கோயம்புத்தூர்)

சி. கே. ஆக்டன் என்ற இங்கிலாந்து அறிஞர் 1930-ல் 850 சொற்களைப் பொறுக்கி, அன்றாடத் தேவைக்கு இவை போதும் என்றார். அவற்றில் வினைச்சொற்கள் 18தான். எழுத்துவாரியாகத் தருகிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பி (பாலுக்கு வரும் பி), கம், டூ, கெட், கிவ், கோ, ஹேவ், கீப், லெட், மேக், மே, புட், சே, சீ, சீம், சென்ட், டேக், வில். இவற்றோடு ஆன், ஆஃப், இன், அவுட் சேர்ந்தால் புதுப்புதுப் பொருள் வரும்: புட் ஆன் என்றால் சட்டையைப் போடுவது, டேக் ஆஃப் என்றால் கழற்றுவது, புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. 850-ஐப் பார்த்து மலைக்காமல் இந்தப் பதினெட்டில் தொடங்குங்கள். டூல், டிரில், நட், போல்ட் என்று பட்டறைச் சொற்கள் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்து 'கிவ் மீ தி டிரில்' என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.